ரெண்டில் தட்டுகிறவன்

மருந்து உள்ளே போய்விட்டது, துப்பினது பாதி விழுங்கினது பாதி, விழுங்கின பாதியே போதும் என்று டெஸ்ட் எடுக்கிற பெண் சொல்லிவிட்டாள், இனி ரூபன் தூங்க வேண்டியதுதான் பாக்கி. தூங்கினால்தான் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி, காதுக்குள் சத்தத்தை விட்டு, அது மூளை வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க முடியுமாம். அதற்காகத்தான் கருக்கலிலேயே அவனை எழுப்பி உட்காரவைத்து, பெரம்பூரிலிருந்து வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் கண் சொருகும்போது மூக்கைத் திருகி, கன்னத்தை ஊதி, கோணங்கித்தனம் பண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தது. இப்போது தூங்குடா என்றால் ஐயா அம்மா லூர்துவின் மடியில் குதிரை ஏறிக்கொண்டு தாலிச் சங்கிலியை வாயில் போட்டுச் சப்புகிறார். தூங்காதே என்றால் தூங்குவான், தூங்கு என்றால் ஆடுவான், அப்படியே அப்பன். லூர்துவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்று, மேலே போவதா திரும்புவதா என்று தெரியாமல் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டது. சிரித்துப் பழகின வாய் அது, எழவு வீட்டில்கூட முந்தானையை வைத்து அடைக்க வேண்டியிருக்கும், ஆனால் இந்த ஆஸ்பத்திரி இரும்பு நாற்காலி வரிசையில் அதற்கு வேலை இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அறையைப் பூட்டுவதற்குள் தூங்கிவிட்டால் இன்றைக்கே தெரிந்துவிடும். தூங்கு சாமி என்று ஒரு மனசு சொன்னது. தூங்காதே என்று இன்னொன்று சொன்னது, தூங்காத வரைக்கும் உனக்கு ஒன்றுமில்லை, கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்த பிள்ளை நீ, அவ்வளவுதான்.

‘பாதிப்பு எந்த அளவுல இருக்குன்னு பாத்துடலாம்மா’ என்றுதான் போன தடவை டாக்டர் சொன்னார். அவனுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார், பிறகு ஒரு தட்டில் கரண்டியால் அடித்தார், ரூபன் எதற்கும் திரும்பாமல் எதிர்ச் சுவரில் ஓடின பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிப்பு. அந்த வார்த்தை வீட்டில் புழங்குகிற வார்த்தை, உப்பு புளி மாதிரி. புருஷன் கிளமெண்டின் வாயில் வாரத்துக்கு நூறு தடவை வரும். பகலில் ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை, சாயங்காலமானால் கல்யாண வீடுகளில் பேஸ் கிடார், இது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் வீட்டு மாடியிலிருந்து நடத்துகிற குட்டி இன்டர்நெட் ரேடியோவில் ஒரு மணி நேரம் பேச்சு. பழைய அமெரிக்கப் பாட்டுகள், ராக், சோல் என்கிற வகைகள், அதுவும் ஆரம்ப காலத்து உருப்படிகள் மட்டும். பாட்டைக் கொஞ்சம் ஓடவிடுவான், நிறுத்துவான், மீனை அலசி அறுத்துப் போடுகிற மாதிரி துண்டு துண்டாகப் போட்டு, இந்த இழுவை சர்ச்சிலிருந்து வந்தது, இந்தக் கிடார் உலுக்கல் பருத்திக் காட்டு ஆட்களிடமிருந்து வந்தது, இவன் பாட்டில் அவன் பாதிப்பு இருக்கிறது, அவன் பாட்டில் அவனுக்கு முந்தினவன் பாதிப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவான். சனிக்கிழமை அவளுக்கு எதிரே உட்கார்ந்துதான் ஒத்திகை. அவள் சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பாட்டெல்லாம் அவளுக்கு வயிற்றுவலிக்காரன் கத்தல். கேட்டுக் கேட்டுப் பிடிபட்டுப்போனது. ‘ஒருத்தன் கூப்பிடுவான், கூட்டம் பதில் சொல்லும், சர்ச்சுல அப்படித்தான் பாடிட்டிருந்தாங்க. ஒரு நாள் பாட்டுல சாமி இருந்த இடத்துல ஒரு பொண்ணை வெச்சிட்டாங்க. சோல் வந்துடுச்சு’ என்றான் ஒருமுறை. ‘அப்ப சாமி எங்க போனாரு?’ என்று கேட்டாள் பீன்ஸ் நாரைக் கிள்ளிக்கொண்டே. ‘அவரும் ஆடப் போயிட்டாரு.’ அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தப் பாதிப்பு நல்ல பாதிப்பு. ஒரு பாட்டில் பாதிப்பு இருந்தால் அதற்கு அப்பா அம்மா உண்டு, வழி வந்தது, அநாதை இல்லை என்று அர்த்தம். டாக்டர் சொன்னது அந்த வார்த்தையையேதான். ஆனால் அவர் சொன்னதும் அது தரையில் விழுந்து உடைந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, எங்கே கால் வைத்தாலும் குத்துகிறது.

ரூபன் சங்கிலியைத் துப்பிவிட்டு அவள் கழுத்தில் உள்ளங்கையை வைத்தான். அவனுக்குத் தூக்கம் வரப்போகிறது என்றால் இதுதான் அடையாளம், கழுத்தைப் பிடிப்பான், அவள் வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுக்க வேண்டும், நிறுத்தினால் தட்டுவான். எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள், என் குரல் இல்லாட்டி என் பிள்ளைக்குத் தூக்கமே வராது. இப்போதும் இழுத்தாள். தொண்டை நடுங்கியது, அந்த நடுக்கம் சின்ன உள்ளங்கைக்குள் போவது அவளுக்கே தெரிந்தது. கைதான் கேட்கிறதா, அப்படியென்றால். அதை நினைக்காதே. கிளமெண்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ‘சொல்லிட்டேன் லூர்து, டெஸ்ட் எடுக்கிற பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். என் பையன் ரெண்டுல தட்டுறவன்மா, காது கேக்காதவன் எப்படி ரெண்டுல தட்டுவான்னு.’ ‘அது என்ன சொல்லிச்சு?’ ‘சிரிச்சுது. அதுக்கு மியூசிக் தெரியல போல.’ ‘அதுக்கு மியூசிக் எதுக்கு, மெஷின் தெரிஞ்சா போதாதா.’ ‘மெஷினுக்கு என்ன தெரியும், சும்மா இரு’ என்றான்.

ரெண்டில் தட்டுவது. அதுதான் அந்த வீட்டின் நகை நட்டு எல்லாம். நாலு எண்ணிக்கையில் பாட்டு ஓடும்போது நம் ஆட்கள் ஒன்றில் கை தட்டுவார்கள், மூன்றில் தட்டுவார்கள், கோயிலானாலும் கும்மியானாலும் அப்படித்தான். அந்தப் பாட்டுக்காரர்கள் ஒன்றை விட்டுவிட்டு ரெண்டிலும் நாலிலும் தட்டுவார்கள், அந்த இடத்தில்தான் டிரம்மும் சுளீரென்று விழும், அங்கே தட்டத் தெரிந்தால்தான் இடுப்பு தானாக ஆடும் என்பான் கிளமெண்ட். லூர்துவுக்கு அது வரவே இல்லை. எத்தனை சொல்லிக்கொடுத்தும் கை போய் ஒன்றில்தான் விழுந்தது. ‘கும்மிக்காரி’ என்று பெயர் வைத்தான். ‘ஆமா, போ, உங்க பாட்டுக்கு நான் ஒருத்தி ஒண்ணுல தட்டினா அமெரிக்கா முழுகிடுமா’ என்பாள். பிறகு ஒரு சனிக்கிழமை, தரையில் பெட்டி மாதிரி கிடக்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அவள் வழக்கம்போல ஒன்றில் தட்ட, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ரூபன் கையைத் தூக்கினான், ரெண்டில் தட்டினான். நாலில் தட்டினான். மறுபடி ரெண்டில். பிசகவில்லை. கிளமெண்ட் கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டான். ‘வயித்துல இருக்கும்போதே கேட்டிருக்கான். என் பேஸ் கிடார் பாதிப்பு.’ ரேடியோவிலும் சொன்னான். அவளுடைய நாத்தனார், கிளமெண்டின் அக்கா, பிள்ளை இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லலையே என்று இழுத்தபோது, ‘பேச்சு எப்ப வேணா வரும், ரெண்டுல தட்டுறது எல்லாருக்கும் வராதுக்கா’ என்று வாயை அடைத்தான். அவளும் கூடச் சேர்ந்து தலையாட்டினாள். சந்தோஷமாகத்தான் ஆட்டினாள். கூப்பிட்டால் திரும்பாத ஒவ்வொரு தடவையும் மனசு ஓடிப்போய் அந்தக் கைத்தட்டலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. எல்லாரும் திரும்பினார்கள். ரூபனும் திரும்பினான். கிளமெண்ட் அவள் முழங்கையை இடித்தான், பார் என்று. அவள் பார்த்தாள். தரை அதிர்ந்தது அவள் செருப்புக்குள்ளேயே தெரிந்தது, நாற்காலிக் கால் நடுங்கியது, எதிரே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பினார்கள், அவன் அவர்களைப் பார்த்துத் திரும்பினானா. ஆட்டுக்கல் குழவி விழுந்தபோது திரும்பினான். டம்ளர் விழுந்தபோது திரும்பவில்லை. அப்பா வருகிறபோது வாசலுக்கு ஓடுவான், ஆனால் அவள் எழுந்து போனால்தான் ஓடுவான். குக்கர் விசில் அடித்தால் சின்னப் பிள்ளைகள் பயப்படும் என்பார்கள், என் பிள்ளை தைரியசாலி என்றிருந்தாளே. எதிலிருந்து எது வந்தது என்று கிளமெண்ட் பாட்டுக்குப் பாட்டு தேடுவான், இப்போது அவள் தேட ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. வயிற்றில் இருக்கும்போது வந்த காய்ச்சலிலிருந்தா. உடம்பெல்லாம் சிவந்து தடித்ததே, வெயில் கொப்புளம் என்று சந்தனம் பூசிக்கொண்டாளே, அதிலிருந்தா. அந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாளே. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சொந்த மாமன் அத்தை பிள்ளைகள், அதிலிருந்தா. யாரிடமிருந்து வந்தாய், எந்தச் சர்ச்சிலிருந்து, எந்தக் காட்டிலிருந்து. கேட்டால் பதில் சொல்ல எந்தக் கூட்டமும் இல்லை. கூப்பிடுகிறவள் ஒருத்திதான், பாட்டில் பாதிதான் இருக்கிறது. ரோட்டில் வண்டி ஹாரன் அடித்தால் எப்படி ஒதுங்குவான். பெரியவனானால் கூப்பிட்டுச் சோறு போட முடியாது, போய்த் தோளைத் தொட வேண்டும், அது என்ன பெரிய வேலை, தொட்டுவிட்டால் போகிறது. இருட்டில் என்ன செய்வது. கரண்ட் போய்விட்டால் அவனுக்கு அம்மா எங்கே இருக்கிறாள் என்று எப்படித் தெரியும். அந்த இடத்தில் மனசு மாட்டிக்கொண்டது, கதவிடுக்கில் முந்தானை மாட்டிக்கொள்கிற மாதிரி, இழுத்தால் கிழியும், நின்றால் போக முடியாது. கரண்ட் போய்விட்டால். கரண்ட் போய்விட்டால்.

‘இன்னா யோசிக்கிறே?’ என்றான் கிளமெண்ட். ‘ஒண்ணுமில்ல. டார்ச் லைட்டு வாங்கணும்.’ ‘இப்ப எதுக்கு டார்ச்?’ ‘சும்மா.’ அவன் அவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல், சரி வாங்கலாம் என்றான். நல்ல மனுஷன். பிடித்துக்கொள்ள அவனுக்கும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பற்றியே பேசினான், குரலைத் தாழ்த்தி, ‘போன ஞாயித்துக்கிழமை உக்காந்து யோசிச்சேன் லூர்து. அந்தப் பழைய பாட்டுக்காரிங்க தாளத்தோட ஒட்டிப் பாட மாட்டாங்க. தாளம் முன்னாடி போகும், இவங்க புடவை இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி பின்னாலயே நிதானமா வருவாங்க. அந்தத் தாமதம்தான் ஸ்டைலு. நம்ம பையன் கை தட்டும்போது பாத்திருக்கியா, சும்மா ரெண்டுல இல்ல, ரெண்டுக்கும் ஒரு நூல் பின்னால தட்டுவான். அதைச் சொல்லிக்குடுக்க முடியாது. பிறவியில வரணும்.’ அவள் ம் கொட்டினாள். ஒரு நூல் பின்னால். ஒன்றில் அவள் தட்டுவாள், அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான், பிறகு. வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்த ம்ம்ம் நின்றுவிட்டது. ரூபன் அவள் கழுத்தைத் தட்டினான். பிறகு அவன் தட்டுவான். அவள் கை சேர்ந்ததும் இவன் கை சேரும். ஒன்றுக்குப் பின்னால் ரெண்டு. மூன்றுக்குப் பின்னால் நாலு. வேண்டாம், அப்படி இல்லை. கிளமெண்ட் மட்டும் எதிரே உட்கார்ந்து ரெண்டில் தட்டிக் காட்டிய அன்றைக்கு ரூபன் மூன்றில் தட்டினானே, மூட் சரியில்லை என்று சிரித்தார்களே. கிறிஸ்துமஸ் பாடல் குழு வந்தபோது அவளுக்கு முதுகைக் காட்டி நின்றவன், கிடாரும் டிரம்மும் அவ்வளவு சத்தத்தில் போயும், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நட்சத்திர விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தானே. அவள் ஒன்றில் மட்டும் தட்டத் தெரிந்த கும்மிக்காரி. அவள் தப்பைத்தான் அவன் பார்த்து, பார்த்த பிறகு போட்டிருக்கிறான். அவள் மட்டும் ஒழுங்காக ரெண்டில் தட்டக் கற்றுக்கொண்டிருந்தால் அவன் மூன்றில் விழுந்திருப்பான், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தெரிந்துகொள்ள வழி இருந்தது, மடியிலேயே இருந்தது. வேண்டாமென்று நினைக்கும்போதே கை எழுந்துவிட்டது. ரூபனைத் தன் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தாள். கையை உயர்த்தினாள். உள்ளங்கை ரெண்டும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஒரு இட்லி வைக்கிற அளவு இடம் விட்டு, தட்டினாள். தட்டவில்லை. காற்றுதான் நசுங்கியது. மருந்து ஏறிப் பாதி மூடியிருந்த கண்ணோடு அவன் அவள் கையைப் பார்த்தான். பிறகு, நிதானமாக, புடவை இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி, கையைத் தூக்கித் தட்டினான். அவன் கையில் சத்தம் வந்தது. அவள் மறுபடி காற்றை நசுக்கினாள். அவன் மறுபடி தட்டினான். சிரித்தான், கீழ்ப்பல் நாலும் தெரிய. விளையாட்டு அவனுக்குப் பிடித்திருந்தது. ‘பாரு, பாரு’ என்றான் கிளமெண்ட், முன்னால் குனிந்து, அவன் கண் முழுக்க மகனுடைய கைமேல்தான் இருந்தது. ‘தூக்கத்துலகூட ரெண்டுல தட்டுறான் பாரு. இங்க எங்க பாட்டு ஓடுது, மனசுக்குள்ள ஓடுது அவனுக்கு.’ லூர்து கையை இறக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள். சொல்லலாம். ஏங்க, என் கை தொடவே இல்லீங்க என்று ஒரு வரி. அஞ்சு வார்த்தை. அவன் முகத்தைப் பார்த்தாள், மூக்கு நுனியில் வேர்த்திருந்தது, ரயில் பெட்டிப் பெயிண்ட் காதோரம் ஒரு பொட்டுப் போகாமல் இருந்தது. ‘ஆமா’ என்றாள். ‘நல்லா தட்டுறான்.’ இன்னும் கொஞ்ச நேரம் அது அவனிடம் இருக்கட்டும். உள்ளே இருக்கிற மெஷின் எடுத்துக்கொள்கிற வரைக்கும். அதற்கு மேல் அவளால் எதையும் நிறுத்தி வைக்க முடியாது, தூங்கு என்றோ தூங்காதே என்றோ சொல்லக்கூட அவளுக்கு வாயில்லை. பிள்ளை அவள் மார்மேல் சாய்ந்தான். மறுபடி கழுத்தைப் பிடித்த கை தளர்ந்து நழுவி விழுந்தது. அவன் எடை கூடிக்கொண்டே போனது, தூங்குகிற பிள்ளைக்கு மட்டும் வருகிற எடை.

உள்ளே அறை சின்னது, சுவரெல்லாம் மெத்தை மாதிரி தைத்து வைத்திருந்தார்கள், விளக்கை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரை வெளிச்சத்திலேயே அந்தப் பெண் வேலை செய்தாள். ஒயரை ஒட்டினாள், சின்னப் பஞ்சு மாதிரி ஒன்றை வலது காதுக்குள் செருகினாள். ‘மடியிலயே இருக்கட்டும்மா. ஆடாம இருங்க.’ லூர்து ஆடவில்லை. திரையில் ஒரு கோடு புழு மாதிரி நெளிந்தது. முதலில் எதுவும் கேட்கவில்லை, பிறகு குழந்தையின் காதிலிருந்து வெளியே கசிந்தது, டிக்டிக்டிக்டிக் என்று, கூரை ஓட்டில் மழை தொடங்குகிற மாதிரி. அவளுக்குக் கேட்டது. அந்தப் பெண் ஒரு குமிழைத் திருகினாள், மழை கூடியது. கோட்டைப் பார்த்தாள். மறுபடி திருகினாள். கோட்டைப் படிக்க லூர்துவுக்குத் தெரியாது, கிளமெண்டுக்கும் தெரியாது, ஆனால் எத்தனையோ கச்சேரியில் சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் நின்றவன் அவன், குமிழை எதற்குத் திருகுவார்கள் என்று தெரியும். கேட்டுவிட்டால் யாரும் மேலே திருகுவதில்லை. மழை இப்போது தகரத்தில் அடித்தது. கிளமெண்ட் எழுந்தான். ‘மேடம், ஜாக் சரியா சொருகியிருக்கா?’

‘இருக்கு சார்.’

‘இல்ல, சில நேரம் லூஸா இருக்கும். எங்க ஸ்டேஜ்ல அடிக்கடி ஆகும். பாக்குறதுக்கு உள்ள இருக்கிற மாதிரிதான் இருக்கும்.’

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையின் காதிலிருந்து அதை எடுத்து, பஞ்சை மாற்றி, அவனிடம் நீட்டினாள். கிளமெண்ட் காதில் வைத்தான். வைத்த வேகத்தில் தலை பின்னால் போய் மெத்தைச் சுவரில் இடித்தது. பிடுங்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கைக்குள்ளிருந்தும் அது அடித்துக்கொண்டிருந்தது. ரூபனுடைய முகத்தைப் பார்த்தான், திறந்த வாயை, எச்சில் வழிந்த மோவாயை, நெற்றியில் ஒட்டிய ஒயரை.

‘சரியாத்தான் இருக்கு’ என்றான்.

‘இன்னொரு காதும் பாக்கணும் சார்’ என்றாள் அந்தப் பெண். ‘அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைங்கம்மா.’

லூர்து ஒரு கையைப் பிள்ளையின் கழுத்துக்குக் கீழேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டினாள். கிளமெண்ட் குனிந்து ஒயர் சிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் வாய் அவள் காதருகே இருந்தது, மூச்சை அடக்கிக்கொண்டு, காற்றாகவே சொன்னான்.

‘மெதுவா. முழிச்சுக்கப் போறான்.’

‘ம்’ என்றாள் அவள், அதைவிட மெதுவாக.